எல்லோருக்கும் சரி சொன்னவர்

தம்பிக்கு,

தாளின் தலையில் சிலுவை போட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பா கடத்தூர் சந்தைக்குப் போயிருக்கிறார். போன இரண்டு கடுதாசிக்கும் நான் பதில் போடவில்லை, அம்மாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று கேட்டிருக்கிறாய். கோபமில்லை. எனக்குக் கோபத்தை மூடி வைக்கத் தெரியாது, கோபமென்றால் உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். இது பொறாமை. மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் நேரத்தில் ஒரு தாய் இப்படி எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் அது வேறு பெயரில் வெளியே வரும். கூறைச் சேலையின் நிறம் சரியில்லை என்பேன், பந்தியில் குழம்பு தண்ணீராக இருக்கிறது என்பேன். அதற்கு இதுவே மேல்.

நடந்தது இதுதான். போன வாரம் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் தெரேசின் அம்மாவைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, எனக்கு இப்பத்தாங்க நிம்மதி. கல்யாணம் ஆனாலும் புள்ள எங்க வூட்லயே இருக்கட்டும், நான் வாரா வாரம் ஓசூர்ல இருந்து இங்க வந்துடறேன்னு மாப்பிள்ளை சொல்லிட்டாருங்க" என்றார். சிரித்துக்கொண்டே கேட்டேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏனென்றால் இதே வார்த்தையை நீ எனக்கும் சொல்லியிருந்தாய். அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "தெரேஸ் உங்கூடத்தான்மா இருப்பா, நான் வாரா வாரம் இங்க வந்துடுவேன்" என்றாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? அதே சந்தோஷத்தை அந்த அம்மாவின் முகத்திலும் பார்த்தபோது, என்னுடைய நகையை வேறொருத்தி போட்டுக்கொண்டு எதிரே வந்து நிற்பது போல இருந்தது.

தெரேஸ் மேலும் எனக்குப் பொறாமை உண்டு. நல்ல பெண்தான். அவளைப் பற்றிப் பேசும்போது உன் குரல் இறங்கி மெதுவாகிறது, என்னிடம் பேசும்போது அப்படி ஆவதில்லை. அது இயற்கை. அதை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் அவளை எங்கே வைப்பது என்று இரண்டு வீட்டுக்கும் நீ சரி சொல்லியிருக்கிறாயே, அதை இயற்கை என்று என்னால் விட முடியவில்லை. அந்தச் சரியோடு முப்பது வருஷத்துக்குப் பக்கமாகக் குடித்தனம் செய்தவள் நான். அதனால் உன் அக்கா ஸ்டெல்லாவின் கல்யாணப் பேச்சு ஏன் ஒரு தடவை நின்று போனது என்பதை முழுதாகச் சொல்கிறேன். நீ அப்போது சேலத்தில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது அரைகுறையாகக் கேட்டிருப்பாய்.

உன் அப்பாவைப் போல நல்லவர் இல்லை என்று ஊரே சொல்லும். எனக்குக் கல்யாணமான புதிதிலும் அதைத்தான் சொன்னார்கள். நானும் பெருமையாகத்தான் வந்தேன். வந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "சரிங்க". கேட்டது என்ன என்று யோசிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எதிரே நிற்பவரின் முகம் கொஞ்சம் சுருங்கினால் அவருக்குத் தாங்காது. ஆடியில் முதல் மழை விழுந்ததும் எல்லோருக்கும் ஒரே நாளில் ஏர் ஓட்ட வேண்டும். நம்மிடம் நல்ல ஜோடிக் காளை இருந்தது. கிழக்குத் தோட்டத்துக்காரர் வந்து கேட்டார், இவர் அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். காளை திரும்பி வந்தபோது நம் நிலத்தில் ஈரம் போய்விட்டிருந்தது. அந்த வருஷம் அந்தத் தோட்டத்தில் கடலைச்செடி பச்சையாக முளைத்து நின்றதை வரப்பில் நின்று பார்த்தேன். அந்த வீட்டுக்காரி என்னைக் கண்டு, "உங்க வூட்டுக்காரரு தெய்வங்க" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்குக் காளை கிடைத்தது, எனக்கு அந்தப் புகழ்ச்சி கிடைத்தது. இப்படித்தான் பல வருஷம். அவருடைய நல்ல குணம் முழுவதும் ஊருக்குப் போய்விடும், அதன் பேர் மட்டும் எனக்கு வந்து சேரும்.

இதை நீ கேட்டதில்லை, இப்போது சொல்கிறேன். உனக்கு மணல்வாரி அம்மை போட்டுக் காய்ச்சல் ஏறிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு. அந்தக் காலத்தில் நம் பக்கம் பஸ் எப்போதோ ஒன்று. அவர் வண்டி பூட்டினார், இரண்டு பிள்ளைகளையும் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று. உன்னைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வண்டியிடம் போனேன். அந்தக் குழந்தையின் அம்மா, "அய்யோ, மணல்வாரி ஒட்டிக்குங்க. உங்க புள்ள இதுல வேணாங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அவளிடம் "சரிங்க" என்று சொல்லி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தார்ரோடு வரைக்கும் நடந்தேன். வழியில் நான் ஜெபம் செய்யவில்லை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டிக்கொண்டே நடந்தேன். நீ பிழைத்துக்கொண்டாய், அந்தக் குழந்தையும் பிழைத்தது. அவள் இன்றைக்கும் அவரைத் தெய்வம் என்றுதான் சொல்கிறாள்.

ஊரார் எல்லோரையும் விட என் பொறாமை முழுவதும் பொம்மிடியில் வாழ்க்கைப்பட்ட உன் லூர்து அத்தை மேல்தான். உன் அப்பாவின் சின்ன வயதிலேயே அவருடைய அம்மா போய்விட்டதால் அவரை வளர்த்து ஆளாக்கியவள் அந்த அக்காதான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நம் தோட்டத்தில் முதலில் பழுக்கும் பலா பொம்மிடிக்குப் போகும். புதுக் கேழ்வரகில் முதல் மூட்டை பொம்மிடிக்குப் போகும். நம் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதைக்கூட அவள்தான் சொல்லுவாள். நான் சமைத்ததை அவர் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, "எங்கக்கா வெக்கற மாதிரியே இருக்குது" என்பார். அதைவிடப் பெரிய பாராட்டு அவருக்குத் தெரியாது. எனக்கோ வாயில் வைத்த சோறு இறங்காது.

ஸ்டெல்லா பள்ளிக்கூடப் படிப்பை முடித்து வீட்டில் இருந்தாள். கிறிஸ்துமஸ் கழிந்து அத்தை வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்து வெற்றிலை மடித்துக்கொண்டே, "டேய் அருளு, ஸ்டெல்லாவ எம்பையனுக்குக் குடுத்துடு. வெளிய எங்கயும் நான் பொண்ணு கேக்கப் போறதில்ல" என்றாள்.

"அதுக்கென்னக்கா. உன் வூட்டுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறேன்?"

நான் அடுப்படியில் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. ஸ்டெல்லா தண்ணீர் சேந்தப் போயிருந்தாள், அவளையும் யாரும் கேட்கவில்லை. அத்தை பஸ் ஏறிய பிறகு சண்டை போட்டேன். அவர் சமாதானமாகச் சொன்னார்: "சொந்த அத்தை மவன். நம்ம கோயில் சட்டத்துல அதுக்கு மேற்றிராணியார், நம்ம பிஷப்பு, உத்தரவு குடுக்கணும். அது லேசுல வராது. எப்படியும் வராதுன்னு தெரிஞ்சதுக்கு அக்கா மனச எதுக்கு நோவடிக்கணும்?" இதுதான் அவர் வழி. முடியாது என்று சொல்லும் வேலையை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவார். இந்தத் தடவை மேற்றிராணியார் தலையில் கட்டினார்.

அந்த மாதமே கம்பைநல்லூருக்குக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு போனார். அங்கே மண்டி வைத்திருந்த சவரிமுத்துதான் வருஷா வருஷம் நம் கடலையை எடுப்பவர். நல்ல மனிதர், வசதியான குடும்பம். திரும்பி வந்த உன் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "சவரிமுத்து அண்ணன் அவரு பையனுக்கு நம்ம ஸ்டெல்லாவக் கேட்டாரு. மூஞ்சிக்கு நேரா கேக்கறப்போ என்ன சொல்றது? சரின்னுட்டேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சிதான் வந்தது. அத்தையின் ஆசை ஒன்று முதல்முறையாக உடையப் போகிறது என்று தெரிந்தது. சவரிமுத்துவின் மகனை நான் பார்த்ததுகூட இல்லை. அத்தையின் மகனாக இல்லாமல் இருந்தான், அது எனக்குப் போதும். அன்று சாயங்காலம் அவர் எதிரே உட்கார்ந்து, "இந்த வூட்டுக்கு வந்ததுல இருந்து நான் எதுவும் கேட்டதில்ல. உங்கக்காவுக்கு முடியாதுன்னு சொல்லிடுங்க. எனக்காக இந்த ஒரு தடவ" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவை விட்டு என் பக்கம் வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

தவக்காலத்தில் மேற்றிராணியாரின் உத்தரவு வந்துவிட்டது. அத்தை வாயெல்லாம் பல்லாக வந்து சொல்லிவிட்டுப் போனாள். இப்போது சொல்லுங்கள் என்று அவரை உலுக்கினேன். ஈஸ்டர் பாஸ்கா கழியட்டும் என்றார். கம்பைநல்லூருக்கும் பாஸ்கா கழியட்டும் என்றே சொல்லியிருந்தார். என்னிடம் சொல்லியாகிவிட்டது என்றும் சொல்லாமல், சொல்லவில்லை என்றும் சொல்லாமல் நாளைக் கடத்தினார்.

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி வழிபாட்டில் ஆண்டவருடைய பாடுகளை மூன்று பேர் பிரித்து வாசிப்பார்கள் இல்லையா. புதிதாக வந்திருந்த இளம் சாமியார், ஆண்டவர் பேசுவதைத் தான் வாசிப்பதாகவும், மற்றவர்கள் பேசுவதை அருளப்பன் வாசிக்கட்டும் என்றும் சொல்லியிருந்தார். உன் அப்பாவுக்கு நல்ல கணீர்க் குரல். எல்லோர் முன்னாலும் நிற்பது அவருக்குப் பிடிக்காது, ஆனால் கேட்டது சாமியார். சரி என்றுவிட்டார். கோயிலுக்குள் வெக்கை தாங்க முடியவில்லை. பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தலைச்சீடர் இராயப்பர் ஒரு வேலைக்காரிக்குப் பயந்து ஆண்டவரைத் தெரியாது என்று சொல்லும் இடம் வந்தது. குரல் கொஞ்சம் தடுமாறியது. பிறகு பிலாத்து வந்தான். இவரிடம் குற்றம் ஒன்றுமில்லை என்று பிலாத்து மறுபடி மறுபடி சொல்கிறான். சொல்லிவிட்டு, கூட்டம் கத்துகிறது என்று அவர்கள் இஷ்டத்துக்கே அவரைச் சிலுவைக்குக் கையளித்துவிடுகிறான். அந்த இடத்தில் உன் அப்பா நிறுத்திவிட்டார். பக்தியில் அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெளியே வந்ததும் ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்து, "அழ வெச்சுட்டீங்க அருளப்பா" என்றார்கள். புகழ்ச்சியைக் கேட்டால் மலர்ந்துபோகும் அவருடைய முகம் அன்று கல்லாக இருந்தது.

வீட்டில் ஒருசந்தி விரதக் கஞ்சியை வைத்தேன், தொடவில்லை. "சின்ன வயசுல பிலாத்து ரொம்பக் கெட்டவன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். "இன்னைக்கு அவன் பேச்ச என் வாயால வாசிக்கறப்போ பாத்தா, அவன் என்ன மாதிரி இருக்கறான். அவனுக்கு யார் மேலயும் கெட்ட எண்ணம் கிடையாது. எல்லாரும் சமாதானமாப் போவணும்னு பாக்கறான். நடுவுல ஒருத்தரு சாவறாரு."

அப்படிச் சொன்னவர் மறுநாளே எழுந்துபோய் அத்தையிடம் பேசியிருப்பார் என்றுதானே நினைக்கிறாய்? இல்லை. ஒரு மனிதன் அவ்வளவு சுலபத்தில் மாறுவதில்லை. பாஸ்கா முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். பொம்மிடி ஆரோக்கியத்துக்கும் அருளப்பன் மகள் ஸ்டெல்லாவுக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றார். அத்தை தானே சாமியாரிடம் போய் ஏற்பாடு செய்திருந்தாள். உன் அப்பா அதற்கும் சரி சொல்லியிருந்தார். என் பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா என் முந்தானையை இழுத்து, "அம்மா, என் பேர்தான படிச்சாங்க?" என்று கேட்டாள். நான் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது, குனிந்திருந்தது. எனக்குக் கொடுத்த வார்த்தையும் ஊருக்குக் கொடுக்கும் வார்த்தை மாதிரிதான் என்று அந்தப் பிடரியைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது.

விஷயம் கம்பைநல்லூருக்குப் போகாமல் இருக்குமா? அந்த வாரமே சவரிமுத்து தம்பியோடு வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே கேட்டார். இவர் வழக்கம்போல, "சரி பண்ணிடலாங்க, கொஞ்சம் பொறுங்க" என்றார். சவரிமுத்து சத்தம் போடவில்லை. "நீங்க எப்பவும் சரின்னுதாங்க சொல்றீங்க. அதுல எது நெசமான சரின்னு நாங்க எப்படிங்க தெரிஞ்சிக்கறது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். உன் அப்பா அன்று முழுவதும் தோட்டத்திலேயே கிடந்தார்.

அடுத்த ஞாயிறு. அத்தை புதுச்சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் பக்கம் கடைசியில் சவரிமுத்துவும் வந்து நின்றார். சாமியார் இரண்டாம் ஓலை வாசித்தார். தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று சொல்லித் தாளை மடிக்கும்போது, நடுவிலிருந்து உன் அப்பா எழுந்தார்.

"சாமி, தடை இருக்குதுங்க."

பெண்ணின் தகப்பனே எழுந்து நிற்பதைப் பார்த்துச் சாமியார் திகைத்துப்போனார். "என்ன தடை?"

"நான்தாங்க சாமி. எங்கக்காவுக்கு வாக்குக் குடுத்தேன். கம்பைநல்லூர் அண்ணனுக்கும் குடுத்தேன். மூணாவதா எஞ்சம்சாரத்துக்கும் ஒண்ணு குடுத்தேன். புள்ளைய மட்டும் ஒரு வார்த்த கேக்கல. இத இதோட நிறுத்திடுங்க சாமி. தப்பு எம்மேலதான், வேற யார் மேலயும் இல்லீங்க."

கோயிலுக்கு வெளியே வந்ததும் அத்தை அவர் எதிரே போய் நின்றாள். "வளத்ததுக்கு எல்லார் முன்னாலயும் எம்மூஞ்சில கரியப் பூசிட்டியேடா" என்றாள். அவருக்குக் கண்ணீர் கொட்டியது. "பூசிட்டேன்க்கா. என்ன மன்னிச்சிடு. ஆனா முடியாது" என்றார். அவர் வாயில் முடியாது என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். சவரிமுத்து எதுவும் பேசாமல் பஸ்ஸுக்கு நடந்தார். அதற்குப் பிறகு நம் கடலையை அவர் எடுக்கவில்லை. உன் அப்பா ஸ்டெல்லாவைக் கோயில் சுவரோரம் கூப்பிட்டு, "கண்ணு, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "தெரியலப்பா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. கொஞ்ச நாள் குடுங்க" என்றாள்.

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அக்காவுக்கு அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊர் கேட்க என்னை மூன்றாவதாகச் சேர்த்துவிட்டாரே என்று. வீட்டுக்கு வந்து கேட்டேன்: "அவங்களுக்குச் சொன்ன சரியும் எனக்குச் சொன்ன சரியும் ஒண்ணாங்க?"

"ஒண்ணுதான்" என்றார். "மூணும் பயத்துல சொன்னது."

தம்பி, இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன வார்த்தைகளிலேயே வலித்தது அதுதான். அது பிரியத்தில் வந்த சரி என்று நான் நினைத்திருந்தேன். நன்றாக யோசித்துப் பார்த்தபோதுதான் என்னுடைய ஆசையின் முகம் எனக்குத் தெரிந்தது. அவர் எல்லோருக்கும் பணிந்துபோவதை நிறுத்த வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்படவில்லை. எனக்கு மட்டும் பணிந்துபோக வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். அடிமையை விடுதலை செய்யச் சொல்லவில்லை, என் வீட்டுக்கு மாற்றிவிடச் சொன்னேன்.

அதன் பிறகும் ஒரே நாளில் எல்லாம் நேராகிவிடவில்லை. யாருக்காவது முடியாது என்று சொல்லிவிட்டு, பாதி வழி ஓடிப்போய்ச் சரி என்று சொல்லிவிட்டு வந்த நாட்களும் உண்டு. பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். யார் எதைக் கேட்டாலும், "ஒருநாள் குடுங்க, யோசிச்சிச் சொல்றேன்" என்பார். காலையில் கோயிலில் போய்க் கொஞ்சநேரம் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்து பதில் சொல்லுவார். நம் நிலத்தில் விதைத்த பிறகுதான் காளையை அவிழ்த்துக் கொடுத்தார். தெய்வம் என்று சொன்னவர்கள் தலைக்கனம் பிடித்துவிட்டது என்றார்கள். அதைக் கேட்டு வாடிப்போவார், ஆனால் மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு அப்போது யார்மேல் பொறாமை தெரியுமா? கோயிலில் அவர் எதிரே இருந்த ஆண்டவர்மேல். ஊரிடமிருந்தும் அக்காவிடமிருந்தும் அவரைப் பிடுங்கி எனக்குத் தராமல் தானே எடுத்துக்கொண்டார் என்று. பாவசங்கீர்த்தனக் கூண்டில் இதைச் சொன்னேன். உள்ளே இருந்த சாமியாருக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்க இருமினார்.

அந்த நாட்களில் ஒருநாள் அத்தையின் மகன் ஆரோக்கியம் பொம்மிடியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தான். அவன் அப்போதே ஆயில் எஞ்சின் ரிப்பேர் வேலை செய்துகொண்டிருந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன். "மாமா, நீங்க பண்ணது சரிதாங்க. என்னையும் யாரும் ஒரு வார்த்த கேக்கல. எங்கம்மா பேசறத மனசுல வெச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனான். ஸ்டெல்லா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் டீச்சர் டிரெயினிங் படிக்கப் போனது உனக்குத் தெரியும். படித்து முடித்துவிட்டு வந்து என்னிடம்தான் முதலில் சொன்னாள்: "அம்மா, நான் ஆரோக்கியத்தையே கட்டிக்கறேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? சுற்றிச் சுற்றிக் கடைசியில் அத்தைதான் ஜெயித்தாள். உன் அப்பாவிடம் போய் நின்றேன். நீங்கள் இதற்கு ஒத்துக்கொண்டால் நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றேன். அவர் வழக்கம்போல ஒருநாள் கேட்டார். மறுநாள் கோயிலிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ வராட்டி எனக்குச் சோறு எறங்காது. ஆனா அதுக்காவ புள்ளைக்கு வேணாம்னு சொல்ல மாட்டேன். இது அக்கா ஆசையும் இல்ல, உன் ஆசையும் இல்ல. அவ ஆசை." அவர் முகத்தில் கோபம் இல்லை, பயமும் இல்லை. என்னைப் பார்த்துப் பயப்படாமல் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. நான் நிறைய அழுதேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், அன்றைக்குத்தான் அவர் என்னோடு பேசுகிறார் என்று எனக்குத் தோன்றியது. அதுவரை என் முகத்துக்குத் தகுந்தபடி ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எனக்குச் சரி என்று சொன்ன ஒவ்வொன்றையும் என்னால் நம்ப முடிந்தது. கல்யாணத்துக்கு நான் வந்தேன். நீ பந்தியில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாயே, நினைவிருக்கும். அத்தை தானே என் இலைக்கு வந்து பரிமாறினாள். அவள் வைத்த குழம்பு நன்றாகவே இருந்தது. அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

சுவிசேஷத்தில் ஒரு இடம் உண்டு. ஆண்டவர் ஒரு வீட்டுக்குள் ஜனங்கள் நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். மாதா வெளியே நின்று ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். அவர் எழுந்து ஓடி வரவில்லை. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மாதாவை நினைத்து நெஞ்சு வலிக்கும். பத்து மாதம் சுமந்த பிள்ளையை அந்த வீட்டுக் கூட்டம் வைத்திருக்கிறது, தாய் வெளியே நிற்கிறாள். நானாக இருந்தால் அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருத்தி மேலும் பொறாமைப்பட்டிருப்பேன். ஆனால் சிலுவையில் தொங்கும்போது தாய்க்கு ஒரு இடம் பார்த்து வைத்துவிட்டுத்தான் அவர் போனார். கூப்பிட்டதும் வரவில்லை என்பதால் அன்பு இல்லாமல் போகவில்லை. நேசிப்பது வேறு, முகத்துக்குப் பயப்படுவது வேறு. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதுதான் கஷ்டம். உன் அப்பாவுக்கு இது புரிய தலை நரைக்க வேண்டியிருந்தது. உனக்கு இன்னும் தலை கறுப்பாகத்தான் இருக்கிறது.

ஆகையால் நீ எனக்குச் சொன்ன வார்த்தையை நான் திருப்பித் தருகிறேன். தெரேஸ் இங்கே வந்து என்னோடு இருப்பாள் என்று ஒரு மூலையைக்கூடப் பெருக்கி வைத்திருந்தேன். பரவாயில்லை. அவள் வீட்டுக்கும் நீயே நேரில் போய்ப் பேசு. அந்த அம்மாவின் முகம் சுருங்கும். கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பழகு. அவர் வருத்தப்படுவதால் நீ கெட்டவனாகிவிட மாட்டாய். உன் மாமனார் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார், அப்போது வாயில் சரி வந்துவிடும். வந்தால் விழுங்கிவிட்டு ஒருநாள் கேள். கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது, போய் உட்கார். அங்கே இருப்பவருக்கு உன் முகம் எப்படி இருந்தாலும் சரிதான். அவருக்கு நீ நல்ல பிள்ளையாக நடித்துக் காட்ட வேண்டியதில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய். ஓசூருக்கே போய்க் குடித்தனம் வைக்க வேண்டுமா, அவள் அம்மாவோடு இருக்க வேண்டுமா, இங்கே வர வேண்டுமா, என்ன வேண்டும் என்று தெரேஸைக் கேள். எனக்காகக் கேட்காதே, அவள் வீட்டுக்காகவும் கேட்காதே. கேட்டுவிட்டு அவள் பதில் சொல்லும் வரைக்கும் வாயைத் திறக்காமல் இரு. அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுத வேண்டாம். அது உங்கள் இருவருக்குள் இருக்கட்டும். தெரிந்துகொள்ள எனக்கு உயிர் போகும். போகட்டும்.

உன்
அம்மா